வாரத்துக்கு எட்டு மணி நேர வேலையும் யூனிவர்சல் கிரெடிட்டும்: 22 வயது இளைஞர் ஒருவரின் கணக்கு

இந்த நிகழ்வில் வரும் இளைஞர் ஒரு மாதிரிதான். ஆனால் தொகைகளும் விதிகளும் இங்கிலாந்தில் 2025–26 வரி ஆண்டுக்கு உரியவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் தொகைகள் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

வயது 22. பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர், திருமணமாகாதவர், லண்டனில் பெற்றோருடன் இருக்கிறார், வாடகை கொடுப்பதில்லை. ஜூனில் பட்டப்படிப்பு முடிந்தது. 2025 ஜூலை 8 அன்று யூனிவர்சல் கிரெடிட்டுக்கு (வேலையில்லாதவருக்கும் குறைந்த வருமானக்காரருக்கும் அரசு மாதந்தோறும் தரும் உதவித்தொகை) விண்ணப்பித்தார். ஓகஸ்ட் 11 முதல் ஒரு கடையில் வாரத்துக்கு 8 மணி நேர வேலை. 21 வயதுக்கு மேற்பட்டோருக்கான குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண். சம்பளம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டிலும் வெளியிலும் கிடைக்கும் முதல் அறிவுரை, "வேலைக்குப் போனால் உதவித்தொகையை வெட்டிவிடுவார்கள், முழுநேர வேலை வரும்வரை சும்மா இரு" என்பது. அது தவறு. யூனிவர்சல் கிரெடிட்டில் வேலை செய்து மொத்த வருமானம் குறைவது இல்லை. பகுதிநேர வேலைக்காரரைச் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் தேதிதான்: எந்தச் சம்பளம் எந்த மாதக் கணக்கில் விழுகிறது என்பது.

வெட்டு எவ்வளவு

25 வயதுக்கு உட்பட்ட தனியாளுக்கு அடிப்படைத் தொகை மாதம் 316.98 பவுண். 25 ஆனவருக்கு 400.14. கையில் வரும் சம்பளத்தின் ஒவ்வொரு பவுணுக்கும் இந்தத் தொகையில் 55 பென்ஸ் குறைகிறது. கையில் வரும் சம்பளம் என்றால் வருமான வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ் (சமூகக் காப்பீட்டுக் கட்டணம்), ஓய்வூதியப் பங்களிப்பு மூன்றும் போன பிறகு மிஞ்சுவது.

பிள்ளை வளர்ப்பவர்களுக்கும், உடல்நலக் குறைவால் வேலைத்திறன் குறைந்தவர் என்று முடிவு செய்யப்பட்டவர்களுக்கும் வெட்டு தொடங்குமுன் ஒரு விலக்குத் தொகை உண்டு. யூனிவர்சல் கிரெடிட்டில் வீட்டு வாடகைக்கான பங்கு வாங்காதவர்களுக்கு அது மாதம் 684 பவுண். நம் இளைஞருக்கு அது கிடையாது. முதல் பவுணிலிருந்தே வெட்டு.

நான்கு வாரத்துக்கு 32 மணி நேரம், 390.72 பவுண். வரம்புகளுக்குக் கீழே இருப்பதால் வரியும் இன்ஷூரன்ஸும் போகாது. அதில் 55 சதவீதம் 214.90. ஆகவே யூனிவர்சல் கிரெடிட் 102.08. இரண்டையும் சேர்த்தால் 492.80. வேலையில்லாமல் இருந்தால் 316.98. வேலையால் கூடுவது 175.82, அதாவது மணிக்கு சுமார் 5.49 பவுண்.

இதிலிருந்து போக்குவரத்துச் செலவையும் கழிக்க வேண்டும். சம்பள வேலைக்குப் போய்வரும் செலவை யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் எடுப்பதில்லை. லண்டன் பஸ் ஒருவழிக்கு 1.75. வாரம் இரண்டு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் நான்கு வாரத்துக்கு 28 பவுண். அதே எட்டு மணி நேரத்தை ஒரே நாளில் செய்தால் 14. மனேஜரிடம் சனிக்கிழமை முழுநாள் ஷிப்ட் கேட்பது இந்தத் தொகைகளில் கவனிக்கத்தக்க வித்தியாசம்.

இன்னொரு எண்ணையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: 576.33. ஒரு மாதக் கணக்கில் இந்தத் தொகை வந்தால் 316.98 முழுவதும் கரைந்து யூனிவர்சல் கிரெடிட் பூச்சியமாகும். வாரம் 12 மணி நேரம் செய்தால் நான்கு வாரச் சம்பளம் 586.08, ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் அதற்கு மேல் வெட்ட ஒன்றும் இல்லாததால் வரும் ஒவ்வொரு பவுணும் முழுதாக அவருக்கே. 12 மணியிலிருந்து 16 மணிக்குக் கூட்டினால் நான்கு வாரத்தில் 195.36 கூடும், ஓய்வூதியப் பங்களிப்பு பிடிக்காவிட்டால் மணிக்கு முழு 12.21. ஆகவே எட்டு மணியில் நின்று "கிரெடிட்டைக் காப்பாற்றுவது" கணக்கு அல்ல. கூடுதல் மணி நேரம் கிடைத்தால் எடுப்பதே நல்லது.

தேதிகள்

விண்ணப்பித்த நாள் ஜூலை 8. அதனால் அவருடைய மதிப்பீட்டுக் காலம் (வருமானத்தைக் கணக்கிடும் ஒரு மாதம்) ஒவ்வொரு மாதமும் 8ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 7ஆம் தேதிவரை. பணம் அதற்கு ஏழு நாள் கழித்து 14ஆம் தேதி வரும். 14 வார இறுதியில் விழுந்தால் அதற்கு முந்தைய வேலைநாளில். முதல் கொடுப்பனவுக்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டியது இதனால்தான்.

வேலை செய்த நாள் இங்கே பொருட்டல்ல. சம்பளம் கொடுக்கப்பட்ட நாள் எந்த மதிப்பீட்டுக் காலத்தில் இருக்கிறதோ அங்கேதான் அது சேரும். வேலை கொடுப்பவர் சம்பள நாளன்றோ அதற்கு முன்போ வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.க்கு விவரம் அனுப்புகிறார். அது அப்படியே யூனிவர்சல் கிரெடிட்டை நடத்தும் துறையான டி.டபிள்யூ.பி.க்குப் போகிறது.

இவருடைய சம்பள நாட்கள் செப்டம்பர் 12, ஒக்டோபர் 10, நவம்பர் 7, டிசம்பர் 5, ஜனவரி 2, ஜனவரி 30. இனி யூனிவர்சல் கிரெடிட் வந்த வரிசையைப் பாருங்கள்.

ஓகஸ்ட் 14: 316.98. வேலை இன்னும் தொடங்கியே சில நாள்.

செப்டம்பர் 12: 316.98. ஓகஸ்ட் 8 முதல் செப்டம்பர் 7 வரை வேலை செய்தார், ஆனால் சம்பளம் வரவில்லை, ஆகவே வெட்டு இல்லை. செப்டம்பர் 14 ஞாயிற்றுக்கிழமை என்பதால் பணம் 12ஆம் தேதி வெள்ளியே வந்தது. முதல் சம்பளமும் அதே நாளில் வருகிறது. ஒரே நாளில் கணக்கில் 707.70 பவுண்.

ஒக்டோபர் 14: 102.08.

நவம்பர் 14: பூச்சியம்.

டிசம்பர் 12: 102.08. ஜனவரி 14: 102.08.

முதல் அடி செப்டம்பரில் விழுகிறது, தெரியாமலே. 707 பவுணைப் பார்த்தவர் "வேலை செய்தாலும் முழுத்தொகை வருகிறது" என்று நினைத்துப் புதுப் போன் ஒப்பந்தம் போட்டுவிடுவார். செப்டம்பர் சம்பளத்துக்கான வெட்டு ஒக்டோபரில்தான் வரும். அந்த 707இல் 215 பவுணைத் தொடாமல் ஒதுக்கி வைப்பது நல்லது.

நவம்பர் பூச்சியம் ஏன்? ஒக்டோபர் 8 முதல் நவம்பர் 7 வரையான காலத்துக்குள் இரண்டு சம்பள நாட்கள் இருக்கின்றன, 10ஆம் தேதியும் 7ஆம் தேதியும். மொத்தம் 781.44. எல்லை 576.33. நான்கு வாரச் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 13 தடவை, மதிப்பீட்டுக் காலமோ 12. ஆகவே ஏதோ ஒரு மாதத்தில் இரண்டு விழுந்தே தீரும். இது பிழை அல்ல, முறையிட்டு மாற்றவும் முடியாது.

பலர் இதை நட்டம் என்றே நினைக்கிறார்கள். இவருடைய நிலையில் அது நட்டம் அல்ல. யூனிவர்சல் கிரெடிட் பூச்சியத்துக்குக் கீழே போக முடியாததால், இரண்டாவது சம்பளத்தில் 205.11 பவுண் வெட்டுப்படாமல் தப்புகிறது. ஆண்டு முழுவதும் பார்த்தால் 11 மாதம் 102.08, அதாவது சுமார் 1,123. அதே ஆண்டுச் சம்பளத்தை 12 சம மாதமாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் கிடைப்பது சுமார் 1,010 மட்டுமே. விலக்குத் தொகை உள்ள பெற்றோருக்கு இது தலைகீழ்: இரட்டைச் சம்பள மாதத்தில் விலக்கு ஒருமுறைதான் கிடைக்கும்.

உண்மையான ஆபத்து அதற்கு அடுத்த மாதத்தில். பூச்சியமானதும் விண்ணப்பம் மூடப்படலாம். நவம்பர் 14க்கு முன் ஜேர்னலை (யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் உள்ள செய்திப் பதிவேடு) திறந்து பார்க்க வேண்டும். மூடப்பட்டிருந்தால் அதே கணக்கில் நுழைந்து மீளத் தொடங்கலாம். ஆறு மாதத்துக்குள் என்றால் புது விண்ணப்பமோ புது ஐந்து வாரக் காத்திருப்போ தேவையில்லை, தேதிகளும் அதே 8–7. இதைச் செய்யாமல், தானாகவே மறுபடி வரும் என்று டிசம்பர் வரை இருந்துவிடுபவர்கள்தான் நட்டப்படுகிறார்கள்.

அதே மாதத்தில் இன்னொரு கண்ணி: மருந்துச்சீட்டு. யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லோருக்கும் இங்கிலாந்தில் இலவச மருந்து இல்லை. கடைசி மதிப்பீட்டுக் காலத்தில் கையில் வந்த சம்பளம் 435 பவுணுக்கு மேல் போகக்கூடாது. 390.72க்கு இலவசம். 781.44க்கு இல்லை. வழக்கம்போலப் படிவத்தில் குறியிட்டு மருந்து வாங்கினால் 9.90 பவுண் கட்டணத்தோடு அதன் ஐந்து மடங்கு, அதிகபட்சம் 100 பவுண், தண்டம் வரும். நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரை இவர் காசு கொடுத்தே மருந்து வாங்க வேண்டும்.

மாதச் சம்பளம் என்றால்

மாதம் ஒருமுறை சம்பளம் வாங்குபவருக்கு இந்தச் சிக்கல் பொதுவாக வராது, சம்பள நாளும் மதிப்பீட்டுக் காலத்தின் எல்லையும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒழிய. இவருடைய சம்பள நாள் 8ஆம் தேதி என்று வையுங்கள். 2025 நவம்பர் 8 சனிக்கிழமை. சம்பளம் 7ஆம் தேதி வெள்ளியே வந்துவிடும். ஒக்டோபர் 8 சம்பளமும் நவம்பர் 7 சம்பளமும் ஒரே காலத்தில். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை நியாயமற்றது என்று தீர்ப்பளித்த பிறகு, அந்த ஆண்டு நவம்பரிலிருந்து விதி மாறியது: மாதச் சம்பளக்காரருக்கு இரண்டில் ஒன்றை வேறு காலத்துக்கு நகர்த்தலாம். அது தானாக நடக்காவிட்டால் பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) இரண்டையும் வைத்து ஜேர்னலில் கேட்க வேண்டும். நான்கு வாரச் சம்பளத்துக்கு இந்தச் சலுகை இல்லை.

டிசம்பரில் கடைகள் நத்தாருக்கு முன்பே சம்பளம் போடும். அப்படிப் போட்டாலும் வழக்கமான சம்பள நாளையே எச்.எம்.ஆர்.சி.க்குத் தெரிவிக்க வேண்டும் என்பது வேலை கொடுப்பவருக்கான அறிவுறுத்தல். சிறு கடைகள் இதைத் தவறவிடுவதுண்டு. சம்பளப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

வேலையின் முதல் வாரம்

வேலை கிடைத்ததும் ஜேர்னலில் மாற்றத்தைப் பதிய வேண்டும்: தொடங்கும் நாள், மணி நேரம், சம்பள நாள். சம்பளத் தொகை எச்.எம்.ஆர்.சி. வழியாகத் தானாக வரும் என்பதால் இதை விட்டுவிடுகிறார்கள். தொகை வரும், வேலை தொடங்கியதைத் தெரிவிக்கும் கடமை அவருடையதே.

அடுத்தது ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட். முதல் வேலைக்குப் பி45 (முந்தைய முதலாளி தரும் வரி விவரச் சீட்டு) இருக்காது, அதனால் இந்தப் படிவம். ஏப்ரல் 6க்குப் பிறகு இதுவே முதல் வேலை என்றால் 'ஏ' கூற்று. ஜொப் சீக்கர்ஸ் அலவன்ஸ் (வேலை தேடுவோருக்கான உதவித்தொகை) போன்ற வரிக்குரிய கொடுப்பனவு வாங்கியிருந்தால் 'ஏ' பொருந்தாது. யூனிவர்சல் கிரெடிட் வரிக்குரியது அல்ல, ஆகவே அது இதில் சேராது. இந்த இடத்தில் குழம்பிப் படிவத்தைக் கொடுக்காமலே விட்டால் வரிவிலக்கு எதுவும் தராத 0டி வரிக்குறியீடு போட்டு முழுச் சம்பளத்துக்கும் 20 சதவீதம் பிடிப்பார்கள். 390.72இல் 78.14 போய் 312.58 வரும். யூனிவர்சல் கிரெடிட் 145.06 ஆகக் கூடும், மகிழ்ச்சிதான். பிறகு பிடித்த வரி சம்பளத்தோடு திரும்பி வரும் மாதத்தில் அது சம்பளமாகவே எண்ணப்பட்டு வெட்டு விழும். மூன்று மாத வரி ஒன்றாகத் திரும்பினால் அந்த மாதம் எல்லையைத் தாண்டிப் பூச்சியமாகும்.

பேஸ்லிப்பும் ஜேர்னலில் காட்டும் சம்பளமும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு மாதமும் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் "சம்பள விவரம் தவறு" என்று எழுதி பேஸ்லிப் படத்தையும் சம்பளம் வந்ததைக் காட்டும் வங்கிப் பதிவையும் இணைக்கலாம். முடிவை ஏற்காவிட்டால் மறுபரிசீலனை கேட்க ஒரு மாத அவகாசம்.

ஷிப்ட் தொடங்கக் கறுப்புச் சப்பாத்து வேண்டும், முதல் சம்பளம்வரை பஸ் காசு வேண்டும் என்றால் ஜொப் சென்ரரில் ஃபிளெக்சிபிள் சப்போர்ட் ஃபண்ட் (வேலைக்குப் போக ஆகும் செலவுக்கான உதவி நிதி) பற்றிக் கேளுங்கள். அது உரிமை அல்ல, அங்கே அவரைக் கவனிக்கும் அலுவலரான வேர்க் கோச்சின் முடிவு. வாங்கிய பிறகு போய்க் கேட்பதைவிட வாங்குமுன் கேட்பதே வழி.

வேலை தேடும் கடமை தொடரும்

மாதம் 952 பவுண் சம்பளம் வந்தால்தான் தீவிரத் தேடல் பிரிவிலிருந்து தனியாளை விடுவிப்பார்கள். நம் இளைஞரின் யூனிவர்சல் கிரெடிட் 576.33இலேயே முடிந்துவிடுகிறது. ஆக, பணம் வந்துகொண்டிருக்கும்வரை அவர் தீவிரத் தேடல் பிரிவில்தான். வாரம் 35 மணி நேரத்தில் வேலை செய்யும் 8 மணியைக் கழித்து 27 மணித் தேடல் எதிர்பார்க்கப்படும். வேலை தொடங்கியதும் கிளெய்மன்ட் கொமிட்மென்டை (அவர் செய்ய ஒப்புக்கொண்ட கடமைகளின் பட்டியல்) மாற்றி எழுதச் சொல்ல வேண்டும்; பழையது 35 என்றே இருந்தால் அதன்படிதான் கேள்வி வரும்.

ஷிப்டும் சந்திப்பும் மோதினால் முன்கூட்டியே ஜேர்னலில் எழுதி, ஷிப்ட் அட்டவணையின் படத்தையும் போடுங்கள். தொலைபேசியில் சொன்னது பதிவில் இருக்காது.

வேலை பிடிக்கவில்லை என்று தானாக விட்டால் தண்டனை கடுமையானது: தகுந்த காரணம் இல்லையேல் முதல் தடவைக்கே 91 நாட்கள்வரை அடிப்படைத் தொகை நிறுத்தப்படலாம். மணி நேரத்தைக் குறைத்தது முதலாளி என்றால் தண்டனை இல்லை. ஆனால் அதைக் காட்டும் செய்தியையோ மின்னஞ்சலையோ வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் நடப்பது

நம் குடும்பங்களில் இந்தப் பகுதியைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பெற்றோர் யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பங்கு வாங்கினால், வீட்டில் இருக்கும் 21 வயதான பிள்ளைக்காக மாதம் 93.02 பவுண் கழிக்கப்படும்; பிள்ளை வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான். பெற்றோர் பி.ஐ.பி. என்ற உடல்நலக் குறைவு உதவித்தொகையின் அன்றாட வாழ்வுப் பகுதியைப் பெறுபவரானால் இந்தக் கழிவு இல்லை. ஆனால் ஓய்வூதிய வயதில் இருக்கும் பெற்றோரோ அம்மம்மாவோ ஹவுசிங் பெனிஃபிட் (கவுன்சில் தரும் வாடகை உதவி) வாங்கினால் விதி வேறு: 25க்கு உட்பட்ட பிள்ளை யூனிவர்சல் கிரெடிட்டில் சம்பளம் இல்லாமல் இருக்கும்வரை கழிவு இல்லை, சம்பளம் வந்ததும் கழிவு வரலாம். வேலை தொடங்கியதைக் கவுன்சிலுக்கும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் சொல்லாமல் விட்டால் கடன் பாட்டியின் பெயரில் ஏறும்.

இன்னொன்று சேமிப்பு. வீட்டுக் காசைப் பிள்ளையின் கணக்கில் போட்டு வைப்பது நம்மிடம் சாதாரணம். 6,000 பவுணுக்கு மேல் இருந்தால் ஒவ்வொரு 250க்கும், அல்லது அதன் பகுதிக்கும், மாதம் 4.35 வருமானமாக எண்ணப்படும். 8,100 பவுண் இருந்தால் 39.15 குறையும். 16,000ஐத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட்டே இல்லை. காசு அப்பாவுடையது என்றால் அதைக் காட்ட எழுத்துச் சான்று வேண்டும்.

மற்ற வழிகள்

முந்தைய இரண்டு வரி ஆண்டுகளில் போதிய இன்ஷூரன்ஸ் கட்டியவருக்கு நியூ ஸ்டைல் ஜொப் சீக்கர்ஸ் அலவன்ஸ் உண்டு: 25க்கு உட்பட்டவருக்கு வாரம் 72.90 பவுண், அதிகபட்சம் 182 நாட்கள். அதில் வாரம் 5 பவுண் மட்டுமே விலக்கு, மீதிக்குப் பவுணுக்குப் பவுண் வெட்டு. எட்டு மணி நேரச் சம்பளம் 97.68, அந்த வாரத்துக்கு அலவன்ஸ் பூச்சியம்.

சைக்கிளில் உணவு விநியோகம் செய்பவர் சுயதொழிலாளர். மதிப்பீட்டுக் காலம் முடியுமுன் 7 நாளிலிருந்து முடிந்த 14 நாளுக்குள் அந்தக் காலத்து வரவையும் செலவையும் தானே பதிய வேண்டும். தவறினால் பணம் நிற்கும். எச்.எம்.ஆர்.சி. தரும் 1,000 பவுண் வர்த்தக விலக்கு இங்கே செல்லாது; முதல் பவுணிலிருந்தே காட்ட வேண்டும். சைக்கிளுக்கு டயர், பிரேக் போன்ற உண்மைச் செலவு கழியும். மோட்டார் சைக்கிளுக்கு மைலுக்கு 24 பென்ஸ். அதையே முழுத் தொழிலாக எடுத்தால் முதல் 12 மாதத்துக்குப் பிறகு குறைந்தபட்ச வருமானம் ஒன்றை இருப்பதாகக் கருதி வெட்டுவார்கள், உண்மையில் வந்தது குறைவாக இருந்தாலும்.

கைக்காசு வேலை பற்றி நேராகச் சொல்ல வேண்டும். கையில் காசாகக் கொடுப்பது சட்டவிரோதம் அல்ல. பதியாமல் கொடுப்பதுதான் குற்றம். முதலாளி பதியாவிட்டாலும் இளைஞர் அந்தத் தொகையை ஜேர்னலில் தானே தெரிவிக்கலாம், தெரிவிக்கவும் வேண்டும். மறைத்தால் அதிகமாக வாங்கியது முழுவதும் திரும்ப எடுக்கப்படும், அதோடு அதன் பாதி அளவு, குறைந்தது 350 பவுண், தண்டம். பெரிய தொகை என்றால் வழக்கு. பெரும்பாலும் இப்படிக் கொடுக்கும் இடங்களில் மணிக்கு 12.21 வருவதும் இல்லை. எட்டு மணிக்கு 60 பவுண் காசாக வாங்கி மறைப்பவர், 97.68 பதிவோடு வாங்கி வெட்டுக்குப் பிறகு வாரம் 44 பவுண் கூடுதலாகப் பெறுபவரைவிட 16 பவுண் மட்டுமே அதிகம் பார்க்கிறார். அந்த 16 பவுணுக்காக விடுமுறைச் சம்பளம், வேலைச் சான்று, அடுத்த வேலைக்கான பரிந்துரைக் கடிதம் எல்லாம் போகிறது.

விசாவில் இருப்பவர்கள் பலருக்கு மேலே சொன்னது பொருந்தாது. அரச நிதி உதவி இல்லை என்று விசாவில் எழுதியிருந்தால் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிப்பது விசா நிபந்தனை மீறலாகலாம். ஐரோப்பாவிலிருந்து வந்து ப்ரீ-செட்டில்ட் (தற்காலிக வதிவிட) நிலையில் இருப்பவருக்கு அந்த நிலை மட்டும் பொதுவாகப் போதாது. அவருக்குப் பகுதிநேர வேலையின் பேஸ்லிப்தான் தொழிலாளி என்ற தகுதியை நிறுவ உதவும் முக்கியச் சான்று. முதல் வாரத்திலிருந்தே ஒன்றையும் எறியாமல் சேர்த்து வைக்க வேண்டும்.